நீள்கோட்டைக் கண்டால் இயந்திரம் எழுதியது என்று முடிவுகட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கட்டுரையின் நடுவில் நீண்ட கோடு ஒன்று கண்ணில் பட்டதும் ‘இது செயற்கை நுண்ணறிவு எழுதியது’ என்று ஒதுக்கிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்தவர், ஆய்வேட்டைச் சமர்ப்பித்த மாணவி, முப்பது ஆண்டு மெய்ப்புப் பார்த்தவர் என்று யாரையும் அது விட்டுவைப்பதில்லை. பிறர் எழுத்தைத் திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த அவசரம் கவலை தருகிறது. அதனால்தான் இந்தப் பதில்கள்.

எந்தக் கோட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

அச்சில் மூன்று கோடுகள் உண்டு. குட்டையானது ஹைஃபன், சொல்லோடு சொல்லை இணைக்கும். அதைவிட நீண்டது ‘என்’ டேஷ். 1939–45 என்று ஆண்டுகளுக்கு நடுவில் வரும். எல்லாவற்றிலும் நீளமானது ‘எம்’ டேஷ். பழைய அச்சுக்கூடக் கணக்கில் எழுத்தின் அளவு 12 புள்ளி என்றால் ‘எம்’மும் 12 புள்ளி அகலம், ‘என்’ அதில் பாதி. இந்த நீளமான கோட்டைத்தான் இங்கே நீள்கோடு என்கிறேன். வாக்கியத்தின் நடுவே ஒரு செய்தியைச் செருகவும், பேச்சு பாதியில் அறுவதைக் காட்டவும், கடைசியில் ஒரு திருப்பத்தைச் சேர்க்கவும் ஆங்கிலத்தில் இது பயன்படுகிறது.

ஊருக்கு ஊர் வழக்கமும் மாறும். அமெரிக்கப் பதிப்பகங்கள் பல பின்பற்றும் சிகாகோ நடைக் கையேட்டின்படி நீள்கோட்டின் இருபுறமும் இடைவெளி கிடையாது. பிரிட்டிஷ் பதிப்பகங்கள் பல அதே வேலைக்கு நடுத்தரக் கோடான ‘என்’ டேஷை இடைவெளி விட்டுப் போடுகின்றன. ஆகவே ஒரே வாக்கியத்தை லண்டன் பழக்கத்தில் எழுதியவர் சந்தேகத்திலிருந்து தப்பிவிடுவார், நியூயார்க் பழக்கத்தில் எழுதியவர் மாட்டிக்கொள்வார். இந்தச் சோதனை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதுவே போதும்.

இந்தச் சந்தேகம் எப்படித் தொடங்கியது?

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. முதலில் அதன் எழுத்தைச் சொற்களை வைத்து அடையாளம் கண்டார்கள். ஆழ்ந்து ஆராய்வதைக் குறிக்கும் ‘டெல்வ்’ என்ற ஆங்கில வினைச்சொல் அப்படித்தான் கெட்ட பெயர் வாங்கியது. பிறகு கவனம் குறிகளின் பக்கம் திரும்பியது. 2025இல் இளையவர்கள் நீள்கோட்டுக்கு ‘சாட்ஜிபிடி ஹைஃபன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பயனர் வேண்டாம் என்று அமைப்பில் குறிப்பிட்டால் சாட்ஜிபிடி இனி நீள்கோட்டைத் தவிர்க்கும் என்று அந்த ஆண்டு நவம்பரில் அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மனே அறிவிக்க வேண்டிவந்தது. அதுவரை வேண்டாம் என்று சொன்னாலும் அது கேட்பதில்லை என்ற புகார் பரவலாக இருந்தது.

அந்தப் பெயரை வைத்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். நாள் முழுவதும் குறுஞ்செய்தியிலும் சமூக ஊடகத்திலும் படித்து வளர்ந்த ஒருவருக்கு நீள்கோடு எதிர்ப்பட வாய்ப்பே குறைவு. புத்தகத்தில் அது வந்தாலும் கண் நின்று பார்ப்பதில்லை. நின்று பார்த்தது முதன்முதலாக இயந்திரத்தின் பதிலில்தான். யார் அறிமுகப்படுத்தினார்களோ அவர்களுடைய பொருளாகவே ஒரு குறி மனத்தில் பதிந்துவிடுகிறது.

இயந்திரம் ஏன் நீள்கோட்டை இவ்வளவு போடுகிறது?

சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரி, அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்தே எழுதுகிறது. அது கற்றுக்கொண்ட எழுத்தில் அச்சுப் புத்தகங்களும் பதிப்பாசிரியர் கை பட்ட இதழ்களும் ஏராளம். அவற்றில் நீள்கோடு நிறைய உண்டு. அதற்குப் பின், எந்தப் பதில் நன்றாக இருக்கிறது என்று மனிதர்கள் மதிப்பெண் இட்டுப் பழக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. மெருகான எழுத்துக்கு மதிப்பெண் கிடைத்தால் மெருகின் அடையாளங்களும் சேர்ந்தே பெருகும்.

எனக்கு இன்னொரு காரணமும் வலுவாகத் தோன்றுகிறது. முக்காற்புள்ளியைப் போட்டால் அடுத்து விளக்கமோ பட்டியலோ வந்தாக வேண்டும். அரைப்புள்ளியைப் போட்டால் இணையான வாக்கியம் ஒன்று தொடர வேண்டும். நீள்கோட்டுக்கு அப்படிப்பட்ட நிபந்தனை இல்லை. அதன் பின் விளக்கம் வரலாம், மறுப்பு வரலாம், வெறும் ஒற்றைச் சொல் வரலாம். சொல் சொல்லாக முன்னேறும் ஓர் எழுத்து முறைக்கு, எந்த வழியையும் அடைக்காத குறி வசதியானதுதான். அவசரத்தில் எழுதும் மனிதர்களும் இதே காரணத்துக்காகத்தான் அதை நாடுகிறார்கள்.

விசைப்பலகையிலேயே இல்லாத குறியை மனிதர் எப்படிப் போட்டிருப்பார்?

இது அடிக்கடி வரும் வாதம். கேட்க நியாயமாக இருந்தாலும் தவறான வாதம்.

தட்டச்சுப் பொறியில் நீள்கோட்டுக்கு விசை இல்லை. இரண்டு ஹைஃபனை அடுத்தடுத்து அடித்தார்கள். அந்தப் பழக்கம் கணினிக்கும் வந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு சொல்லை ஒட்டி இரண்டு ஹைஃபனை அடித்துவிட்டு அடுத்த சொல்லை எழுதினால் மென்பொருளே அதை நீள்கோடாக மாற்றிவிடும். ஐஃபோனில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இதே வசதி இருக்கிறது. மேக் கணினியில் ஆப்ஷன், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஹைஃபனை அழுத்தினால் போதும். விண்டோஸில் ஆல்ட் விசையோடு 0151 என்று எண்பலகையில் அடிப்பவர்கள் உண்டு. கைப்பேசி விசைப்பலகைகள் பலவற்றில் ஹைஃபனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலே நீள்கோடு மேலே எழும்.

ஆகவே நீள்கோடு இருப்பதிலிருந்து தெரிவது அதிகபட்சம் ஒன்றுதான்: எழுதியவர் ஏதோ ஒரு மென்பொருளில் எழுதியிருக்கிறார்.

இயந்திரங்களுக்கு முன் இதை இவ்வளவு பயன்படுத்தியவர்கள் உண்டா?

உண்டு. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கதையை இதற்காகவே தெரிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதி, மிகச் சிலவே அச்சேறிய நிலையில் 1886இல் அவர் இறந்தார். கையெழுத்துப் படிகளில் வரிக்கு வரி கோடுகள். வரியின் முடிவில், நடுவில், சில இடங்களில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும். 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்த மேபல் லூமிஸ் டாடும் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனும் அந்தக் கோடுகளைக் குறையாகக் கருதினார்கள். பெரும்பாலானவற்றை நீக்கிக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இட்டு, அக்கால வாசகர் எதிர்பார்ப்புக்கு ஏற்பச் ‘சீர்’ செய்தார்கள். 1955இல் தாமஸ் ஜான்சன் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு வெளியிட்ட பதிப்பில்தான் கோடுகள் திரும்பக் கிடைத்தன. மூச்சு எங்கே தடுக்கிறது, எண்ணம் எங்கே திரும்புகிறது என்பதை அந்தக் கோடுகள் காட்டுகின்றன என்பது இன்று படிப்பவர்களுக்குத் தெளிவு.

காலத்தின் விருப்பத்துக்கு ஒவ்வாத குறி என்பதற்காக ஒருவருடைய குரலையே 65 ஆண்டுகள் மாற்றி வைத்திருந்தார்கள். இன்று அதே கோடு நிறைந்த கவிதையை ஓர் இளம்பெண் எழுதினால் அது அவருடையதுதானா என்று கேட்கிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகின்றன. இரண்டாவது கூடுதலாக. முதலாவதில் கவிதை அவருடையது என்பதையாவது யாரும் மறுக்கவில்லை.

ஒரு குறியைப் பார்த்து ஆளை எடைபோடுவது புதிய பழக்கமா?

இல்லை. நீள்கோட்டுக்கு முன் முற்றுப்புள்ளிக்கு இது நடந்தது. நியூயார்க் மாநிலத்திலுள்ள பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா கிளின் தலைமையிலான குழு 126 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2015இல் வெளியிட்டது. ஓர் அழைப்பும் அதற்கு ‘சரி’ என்பது போன்ற ஒற்றைச் சொல் பதிலும் மாணவர்களுக்குக் காட்டப்பட்டன. குறுஞ்செய்தியாகக் காட்டியபோது, முற்றுப்புள்ளியோடு முடிந்த பதிலில் உண்மையான விருப்பம் குறைவு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வேறுபாடு தெரியவில்லை.

காரணம் எளிது. குறுஞ்செய்தியில் அனுப்பும் பொத்தானே வாக்கியத்தை முடித்துவிடுகிறது. வேலையை இழந்த முற்றுப்புள்ளி, அதையும் மீறி ஒருவர் போட்டால், ஏதோ மனநிலையைச் சொல்வதாகத் தோன்றுகிறது. ‘சரி.’ என்று மகன் அனுப்பினால் கோபமா என்று தாய் கலங்குவதும், தாய் அனுப்பினால் மகன் கலங்குவதும் இதனால்தான். எங்கே எந்தக் குறி வழக்கமில்லையோ அங்கே அது கண்ணை உறுத்துகிறது, கண்ணை உறுத்துவதற்கு ஒரு பொருளை மனம் தானே கற்பித்துக்கொள்கிறது.

கண்ணால் பார்த்துச் சொல்வது தவறாகலாம். கண்டறியும் மென்பொருள்கள் சரியாகச் சொல்லும் அல்லவா?

அவற்றையும் நம்பி ஒருவருடைய படிப்பையோ வேலையையோ பறிக்க முடியாது. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அதன் சொந்தக் கணக்கின்படியே இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரத்தினுடையது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் குறைவு என்று காரணம் சொல்லி அதே ஆண்டு ஜூலையில் அதை விலக்கிக்கொண்டார்கள்.

நம் ஊர்ப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இதைவிட முக்கியமானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் ஆங்கிலத் திறனை அளக்கும் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை, ஒரு சீனக் கல்வித் தளத்திலிருந்து எடுத்து அவற்றில் இட்டார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாக 61 விழுக்காட்டைக் கருவிகள் இயந்திர எழுத்து என்று முத்திரை குத்தின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளையோ ஏறக்குறைய முழுவதும் சரியாகவே இனங்கண்டன.

இந்தக் கருவிகள் பல, அடுத்த சொல் எவ்வளவு எதிர்பாராதது என்பதை அளக்கின்றன. எதிர்பார்த்த சொல்லே வந்துகொண்டிருந்தால் இயந்திரம் என்று முடிவுகட்டுகின்றன. இரண்டாம் மொழியில் எழுதுபவர் தமக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களையும் பாதுகாப்பான வாக்கிய அமைப்பையும்தான் கையாள்வார். அந்த எச்சரிக்கையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. திருநெல்வேலியிலோ மட்டக்களப்பிலோ இலக்கணத்தை மனப்பாடம் செய்து ஆங்கிலம் கற்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பக் கட்டுரை எழுதும் ஒருவர் நிற்கும் இடம் இதுதான்.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் மாணவர் தாள்களில் எழுத்துத் திருட்டைத் தேடும் டர்னிட்டின் மென்பொருளின், இயந்திர எழுத்தைக் கண்டறியும் வசதியை நிறுத்தியது. தவறு ஒரு விழுக்காடுதான் என்று நிறுவனம் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், முந்தைய ஆண்டு அங்கே சமர்ப்பிக்கப்பட்ட 75,000 தாள்களில் ஏறத்தாழ 750 தாள்கள் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும் என்று அது கணக்கிட்டுச் சொன்னது. ஒரு விழுக்காடு என்பது பெயரளவில் சிறியது. அந்த 750 பேரில் ஒருவராக இருப்பவருக்கு அது முழுமையானது.

தமிழில் எழுதியதற்கும் இந்தச் சந்தேகம் பொருந்துமா?

தமிழில் நிலைமை வேறு. ஓலையில் எழுதிய காலத்தில் மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்; எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துப்போகும். காற்புள்ளி, அரைப்புள்ளி, வினாக்குறி எல்லாம் ஐரோப்பிய அச்சோடு வந்தவை. அவற்றை உரைநடையில் முறையாகக் கையாண்டு நிலைபெறச் செய்த முன்னோடிகளில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) முக்கியமானவர்.

குறிகள் இல்லாமல் இத்தனை நூற்றாண்டு எப்படி ஓடியது என்றால், அந்த வேலையை மொழியே செய்துகொண்டிருந்தது. ‘அவனா’ என்றாலே கேள்வி வந்துவிடுகிறது. ‘அவனே’ என்றால் அழுத்தம். ‘வருவேன் என்று சொன்னாள்’ என்பதில் அவள் பேச்சு எங்கே முடிகிறது என்பதை ‘என்று’ காட்டிவிடுகிறது. மேற்கோள்குறி இல்லாவிட்டாலும் நட்டமில்லை. இடைச்செருகலுக்கு நம்மிடம் பெயரெச்சம் இருக்கிறது. ‘சென்னை — 1996 வரை மெட்ராஸ் என்று அழைக்கப்பட்ட நகரம் — இன்று விரிந்துகிடக்கிறது’ என்று எழுதினால் ஆங்கில வாக்கியம் தமிழ்ச் சட்டை போட்டு வந்து நிற்கிறது. ‘1996 வரை மெட்ராஸ் என்று அழைக்கப்பட்ட சென்னை இன்று விரிந்துகிடக்கிறது’ என்றால் கோட்டுக்கு அங்கே இடமே இல்லை.

அதனால் தமிழில் நீள்கோடு மலிந்திருந்தால், அந்த வாக்கியம் முதலில் ஆங்கிலத்தில் உருவானது என்று ஓரளவு ஊகிக்கலாம். உருவாக்கியது இயந்திரமா என்பது அதிலிருந்து தெரியாது. ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் செய்தியை இரவோடிரவாகத் தமிழாக்கிய உதவி ஆசிரியர்களும், ஆங்கிலத்தில் சிந்தித்துத் தமிழில் எழுதப் பழகிய கல்வியாளர்களும் இயந்திரங்களுக்கு வெகுகாலம் முன்பே இப்படி எழுதியிருக்கிறார்கள். நவீனத் தமிழ்ச் சிறுகதையிலும் கோடு அழகாக, காரணத்தோடு வந்திருக்கிறது. குறிப்பாக உரையாடல் அறுந்து நிற்கும் இடங்களில்.

என் கையில் அப்படி ஒரு தமிழ்ப் பிரதி வந்தால், யார் எழுதியது என்று விசாரிக்க மாட்டேன். கோட்டை எடுத்துவிட்டு வாக்கியத்தைத் தமிழில் நடக்க வைப்பேன். பிரதிக்குத் தேவையானது அதுதான்.

கோட்டைத் தவிர வேறு எந்தக் குறிகளைச் சுட்டுகிறார்கள்?

வளைந்த மேற்கோள்குறி, எல்லாப் பத்திக்கும் தடித்த தலைப்பு, தலைப்புக்குப் பின் முக்காற்புள்ளி, பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஓர் உணர்ச்சிச் சித்திரம் (இமோஜி). இவற்றில் மேற்கோள்குறியால் பயன் சிறிதும் இல்லை. வேர்டு மென்பொருள் நேர்க்குறியைத் தானாகவே வளைத்துவிடும்.

ஒட்டிவந்த எச்சங்கள் மட்டும் சற்றுக் கனமான தடயம். சொற்களின் இருபுறமும் இரட்டை உடுக்குறி (**) அப்படியே நின்றால், தடித்த எழுத்துக்கான கட்டளை வேறெங்கிருந்தோ நகலெடுக்கப்பட்டு மாறாமல் வந்திருக்கிறது என்று பொருள். இணைய முகவரியின் வாலில் சாட்ஜிபிடியின் பெயர் தொங்கினால் அந்த இணைப்பு எங்கே கிடைத்தது என்று தெரிந்துவிடும். இயந்திர எழுத்தைக் களைய 2023இல் ஒன்றுகூடிய விக்கிப்பீடியா தன்னார்வலர்கள் இத்தகைய அடையாளங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். நீள்கோடும் அதில் உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் சேர்த்தே உண்டு.

அரைப்புள்ளிக்கும் நாளை இந்த நிலை வருமா?

வரலாம். இயந்திரம் எதை அதிகம் போடுகிறதோ அதன்மேல் பழி விழும்.

அப்படியானால் நான் நீள்கோட்டை விட்டுவிட வேண்டுமா?

ஆங்கிலத்தில் அது உங்கள் வாக்கியத்துக்குத் தேவை என்றால் விடாதீர்கள். பயந்து காற்புள்ளியாக மாற்றியவர்களின் பிரதிகளைப் பார்க்கிறேன்: எது முதன்மை வாக்கியம், எது செருகல் என்றே தெரியாமல் குழம்பிக் கிடக்கின்றன. தேவையில்லாமல் வரிக்கு வரி போட்டிருந்தால் குறையுங்கள். அது சந்தேகத்துக்கு அஞ்சிச் செய்வதாக இல்லாமல் வாசகருக்காகச் செய்வதாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இயந்திரத்தைக் கொண்டு எழுதி ஏமாற்ற நினைப்பவருக்கு, எல்லாக் கோட்டையும் ஒரே தேடலில் மாற்றிவிட ஒரு நொடி போதும். கோடு சந்தேகத்துக்குரியது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு அதை அப்படியே விட்டுவைப்பவர் யார்? மறைக்க எதுவும் இல்லாதவர். சோதனை எவ்வளவு பிரபலமாகிறதோ அவ்வளவுக்கு அது நேர்மையானவர்களை மட்டுமே பிடிக்கும்.

பின் எதைக் கொண்டு கண்டுபிடிப்பது?

சொல்லப்பட்டதைச் சரிபாருங்கள். 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். எதிர்த்தரப்பு அவற்றைத் தேடியது, கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட வழக்குகளே நடந்திருக்கவில்லை. ஜூன் மாதம் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அவர்களைக் காட்டிக்கொடுத்தது எந்த நிறுத்தற்குறியும் இல்லை. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்ததுதான்.

ஊர்ப்பெயர், ஆண்டு, மேற்கோள், புத்தகப் பக்கம் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். எழுதியவரிடமே கேளுங்கள்: இந்தக் கருத்துக்கு எப்படி வந்தீர்கள், எதை விட்டுவிட்டீர்கள், ஏன்? தாமே உழைத்து எழுதியவர் இந்தக் கேள்விகளுக்குத் தேவைக்கு மேலேயே பேசுவார்.

என்மேல் ஏற்கெனவே குற்றம் சாட்டிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

வாய்மொழியாக வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். எந்த அடிப்படையில் சந்தேகம் என்று எழுத்தில் கேளுங்கள். கருவியின் மதிப்பெண் என்றால், எந்தக் கருவி, அதன் தவறு விகிதம் என்ன என்றும் கேளுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் கோப்பு மெனுவில் பதிப்பு வரலாறு இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த வரி சேர்ந்தது, எது நீக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் தெரியும். கைக்குறிப்புகள், பழைய வரைவுகள், படித்த நூல்களில் போட்ட அடிக்கோடுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எழுதியவற்றில் அதே குறிகள் இருந்தால் அவற்றையும் சேருங்கள். 2022 நவம்பருக்கு முந்தைய தேதி உள்ளவை மிகவும் உதவும். அதே பொருள் பற்றி நேரில் அமர்ந்து பேசவோ எழுதவோ தயார் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

இனி எழுதப்போவதற்கும் வரைவுகளை அழிக்காமல் தேதியோடு வைத்திருங்கள். ஆசிரியராக இருப்பவர்கள், கட்டுரையோடு முதல் வரைவையும் சேர்த்து வாங்கிக்கொள்வதாகப் பருவத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால், பிறகு எந்த மாணவரின் கோடுகளையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.